கருமருந்து ரெப்ளிகா ரிவால்வர்: முதல் தடவை வாங்கறவங்க எந்த மாடலை எடுக்கறது, எப்படிப் பார்த்து எடுக்கறது

பெர்கஷன் ரிவால்வர் ரெப்ளிகா, அதாவது கருமருந்தும் ஈயக்குண்டும் தனித்தனியா போட்டு, கேப்னு ஒரு குட்டி வெடிமூடியைத் தட்டி வெடிக்க வைக்கற பழைய கால ரிவால்வரோட நகல், ஒண்ணு வாங்கணும்னு ஆசைப்பட்டு படமா பார்த்துட்டு இருக்கறவங்களுக்காக இதை எழுதறேன். எல்லாரும் முதல்ல அழகைத்தான் பாக்கறாங்க, தப்பு சொல்லல, பார்க்க அழகான சாமான்தான். ஆனா ஒரு நாள் ரேஞ்சுக்குப் போனா நிஜமா சுடற நேரம் கொஞ்சம்தான். பவுடர் அளக்கறது, குண்டை லீவர் போட்டு அழுத்தறது, கேப் மாட்டறது, வெடிச்ச கேப் துண்டு உள்ள விழுந்தா அதை நோண்டி எடுக்கறதுன்னு மீதி நேரம் பூரா அப்படியே ஓடிரும், வீட்டுக்கு வந்தா கழுவற வேலை தனி. அதனால எந்த மாடலைக் கழட்டி மாட்டி கழுவ உங்களுக்கு அலுப்பு வராதோ அதை எடுங்கன்னுதான் நான் யார் கேட்டாலும் சொல்றது.

சட்டத்தை முதல்லயே முடிச்சிடலாம். அமெரிக்காவுல 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த மாதிரி கேப் வச்சு சுடற ரெப்ளிகாக்களை ஆன்டீக், அதாவது பழம்பொருள், கணக்குல தனியா வச்சிருக்கு, ஆனா மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல நாடுகள்ல இது சாதாரணத் துப்பாக்கி மாதிரியே முழு லைசென்ஸ் கேக்கற சாமான். பவுடர் வச்சிருக்கறதுக்கும் தனி விதி இருக்கும். உங்க ஊர் விதியை எழுத்துல பார்த்துட்டு மேல போங்க.

முதல் படி: மேல பட்டை இருக்கா இல்லையா

நூறு மாடல் இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் அடிப்படையில ரெண்டே குடும்பம்தான். ஒண்ணு கோல்ட் கம்பெனி குடும்பம், குண்டு அறைகள் இருக்கற சுழல் உருளை, அதாவது சிலிண்டருக்கு மேல எதுவும் இருக்காது, திறந்து கிடக்கும், ஓபன் டாப்னு சொல்லுவாங்க. இன்னொண்ணு ரேமிங்டன் கம்பெனி குடும்பம், சிலிண்டருக்கு மேல பிரேமோட (துப்பாக்கியோட நடு உடம்பு) சேர்ந்த ஒரு இரும்புப் பட்டை போகும், அதுதான் டாப் ஸ்ட்ராப். இந்த ஒரு வித்தியாசம் புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும்.

கோல்ட்ல பேரல், அதாவது குழல், தனி, பிரேம் தனி. பிரேம்லருந்து ஆர்பர்னு ஒரு தடிமனான கம்பி முன்னாடி நீட்டிட்டு இருக்கும், அதுல சிலிண்டரைச் சொருகி, அதுக்கு முன்னாடி பேரலைச் சொருகி, குறுக்கால வெட்ஜ்னு ஒரு சின்ன ஆப்பைத் தட்டி இறுக்கணும், மொத்தத் துப்பாக்கியும் அந்த ஆப்பை நம்பித்தான் நிக்குது. கேக்க பயமா இருக்கும், ஆனா சரியாச் செஞ்ச துப்பாக்கில கெட்டியாவே நிக்கும். கழுவும்போது இது வரம், ஆப்பைத் தட்டினா பேரல் தனியா சிலிண்டர் தனியா வந்துரும், ரெண்டையும் அப்படியே தண்ணில போடலாம். ஆர்பர் தடியா இருக்கறதோட அதுல கிரீஸ் தங்கறதுக்கு வரி வரியா வெட்டி இருப்பாங்க, அதனால கரி படிஞ்சாலும் சிலிண்டர் ரொம்ப நேரம் சிக்காம சுத்தும்.

ரேமிங்டன்ல பேரல் பிரேமோட நிரந்தரமா திருகி இருக்கும். லோடிங் லீவரைக் கீழ இறக்கி, நடுக்கம்பியை முன்னாடி இழுத்தா சிலிண்டர் பக்கவாட்டுல வெளிய வரும். இதைப் பார்த்து மயங்காத புதுசு யாரும் இல்ல. கெட்டியான பிரேம், குறி பாக்க பட்டை மேலயே ஒரு பள்ளம், ஆடற பார்ட்டும் கம்மி. ஆனா யாரும் சொல்லாத ஒரு விஷயம், அந்த நடுக்கம்பி ஒல்லி, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல பீச்சற கரி நேரா அதுமேலதான் போகும், ரெண்டு மூணு சிலிண்டர் சுட்டதுமே சுத்தறது கடினமாயிரும், ஈரத்துணியால தொடைச்சு கிரீஸ் போட்டாத்தான் மறுபடி ஓடும். கோல்ட்ல இந்தத் தொல்லை கம்மி, ஆனா அங்க கேப் தொல்லை ஜாஸ்தி. வெடிச்ச கேப் பிளந்து, கேப்பைத் தட்டற ஹேமர் அடியில இருக்கற இடுக்குல விழும், அப்படியே ஹேமரை இழுத்தா எல்லாம் ஜாம். பழைய ஆளுங்க ஹேமரை இழுக்கும்போது பேரல் முனையை மேல தூக்கறது இதுக்குத்தான், கேப் துண்டு பின்னாடி வெளிய விழட்டும்னு. ரேஞ்சுல இதைச் செய்யறதா இருந்தா அங்க அதுக்கு அனுமதி இருக்கான்னு கேட்டுக்கணும், முனை குறியை விட்டு மேல போறதை பல ரேஞ்சுல ஒத்துக்க மாட்டாங்க.

ரெண்டுல எது உசத்தின்னு கேட்டா சண்டை முடியாது. சுடற இடத்துலயே நின்னு அடிக்கடி தொடைக்க பொறுமை இருந்தா ரேமிங்டன், வீட்டுக்கு வந்து கழுவறது சுலபமா இருக்கணும்னா கோல்ட். நான் கோல்ட் பக்கம்.

ரெண்டாவது படி: மாடல்களைத் தரம் பிரிக்கறது

1851 நேவி. 36 காலிபர் (குழல் வாய் அளவு, பேரளவுல 0.36 இஞ்ச்), எட்டுப்பட்டை பேரல் ஏழரை இஞ்ச், எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல. கையில பிடிச்சதும் தானா குறிக்குப் போற மாதிரி இருக்கும், வைல்ட் வெஸ்ட் காலத்து பிரபல துப்பாக்கிக்காரர் வைல்ட் பில் ஹிக்காக் ஒரு ஜோடி வச்சிருந்தது இதைத்தான். அசல் கம்பெனி 2 லட்சத்துக்கு மேல செஞ்சிருக்கு. சிலிண்டரைச் சுத்தி கப்பல் சண்டைப் படம் ஒண்ணு செதுக்கி இருக்கும், அது 1843ல டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோட மோதின சண்டை, நேவின்னு பேர் ஒட்டிக்கிட்டதும் அதனாலதான், ஆனா பெரும்பாலும் வாங்கினது தரையில நடந்தவங்கதான். உதை கம்மி, பவுடர் செலவு கம்மி, புதுசா கத்துக்க இதைவிட நல்லது கிடைக்கறது கஷ்டம்.

1860 ஆர்மி. அதே பிரேம் அளவுல 44 காலிபர் வைக்கணும்னு சிலிண்டரோட முன்பாதியை மட்டும் பெருசாக்கி பிரேம்ல அதுக்கு ஒரு படி வெட்டினாங்க. எட்டு இஞ்ச் உருண்டை பேரல், பிடி கொஞ்சம் நீளம், லீவர் பல்சக்கரம் மாதிரி வழுக்கி நகர்ற டிசைன், குண்டு அழுத்த சுகமா இருக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குப் படை அதிகமா தூக்கிட்டுத் திரிஞ்ச ரிவால்வர் இது. 44 வேணும், ஆனா ரொம்ப கனமா இருக்கக் கூடாதுன்னா இதுதான். 1861 நேவின்னு ஒண்ணு இருக்கு, இதே வழுவழு பேரலும் லீவரும், ஆனா 36 காலிபர், கொஞ்சப் பேர்தான் கவனிப்பாங்க, எனக்குக் கேட்டா எல்லா கோல்ட்லயும் அழகு இதுதான்.

1858 ரேமிங்டன் நியூ மாடல் ஆர்மி. பேர்ல இருக்கற 1858 பேரல் மேல குத்தி இருந்த பேட்டன்ட் தேதி, துப்பாக்கி நிஜமா ஆயிரக்கணக்குல வந்தது 1860கள்ல. 1864 பிப்ரவரில கோல்ட்டோட ஹார்ட்ஃபர்ட் ஃபேக்டரி தீப்பிடிச்சப்புறம் வடக்குப் படைக்கு இதோட அருமை இன்னும் தெரிஞ்சுது. சிலிண்டர் பின்பக்கம் கேப் மாட்டற நிப்பிள்களுக்கு நடுவுல பள்ளம் இருக்கும், ஹேமர் அதுல உக்காரும், பழைய டிசைன்கள்ல இது நல்ல பாதுகாப்பு. கோல்ட்லயும் அதுக்கு சின்ன முளை வச்சிருப்பாங்க, ஆனா அது தேஞ்சு போயிடும். எதுவா இருந்தாலும் சரி, அஞ்சு அறை மட்டும் லோடு பண்ணி ஹேமரை காலி அறை மேல வைக்கறது நல்ல பழக்கம். பெரிய கை இருக்கறவங்க வாங்கறதுக்கு முன்னாடி கட்டாயம் கையில பிடிச்சுப் பாருங்க, டிரிகரைச் சுத்தி இருக்கற வளையம், அதாவது டிரிகர் கார்டு, அதோட பின்பக்கம் நடுவிரல் கணுவுல இடிக்கும்.

1847 வாக்கர். எல்லாருக்கும் இது மேலதான் கண்ணு. ரெண்டு கிலோவுக்கு மேல எடை, ஒம்பது இஞ்ச் பேரல், ஒவ்வொரு அறைலயும் 60 கிரெய்ன் வரைக்கும் பவுடர் போடலாம், அதாவது கிட்டத்தட்ட 4 கிராம். அசல் சுமார் 1100தான் செஞ்சாங்க, அந்தக் காலத்து இரும்புல சில சிலிண்டர் வெடிச்சே போச்சு. இப்போ வர்ற ரெப்ளிகா எஃகு நல்லா இருக்கு, அந்த பயம் இல்ல, ஆனா முதல் துப்பாக்கியா இது வேண்டாங்க. சுட்டதும் உதைல லோடிங் லீவர் தானா கீழ விழும், தூக்கி மாட்டணும், பவுடர் டப்பா சீக்கிரம் காலியாகும், கை வலிக்கும். பெருசுதான் வேணும்னு அடம் பிடிச்சா 1848 டிராகூன் பாருங்க, லீவர் முனையில தாழ்ப்பாள் வச்சு அந்தக் குறையைச் சரி பண்ணிட்டாங்க, எடையும் கொஞ்சம் கம்மி.

பாக்கெட் மாடல்கள், 1849 பாக்கெட் 31 காலிபர், 1862 போலீஸ் 36 காலிபர், இதெல்லாம் குட்டி குட்டியா அழகா இருக்கும், ஆனா சின்னக் கேப்பையும் சின்ன குண்டையும் தடிச்ச விரலால பிடிச்சு மாட்டறது எரிச்சல். ரெண்டாவதா வாங்கிக்கலாம். லெமாட்னு ஒண்ணு இருக்கு, சுத்தி ஒம்பது குண்டு, நடுவுல ஒரு ஷாட்கன் குழல், கேட்டதும் ஆசை வரும், கனமும் விலையும் லோடு பண்ற நேரமும் கேட்டா ஆசை இறங்கும். ரூகர் ஓல்டு ஆர்மி ரெப்ளிகாவே இல்ல, 1972லருந்து 2008 வரைக்கும் வந்த நவீன டிசைன், பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலா சுருள் ஸ்பிரிங், கெட்டியோ கெட்டி. இப்போ பழசுதான் கிடைக்கும், கிடைச்சா யோசிக்காதீங்க, வரலாறு மாதிரி அச்சு அசலா இருக்கணும்னா மட்டும் வேண்டாம்.

மூணாவது படி: பித்தளை பிரேமா எஃகு பிரேமா

கடைல குறைஞ்ச விலைக்குப் பளபளன்னு மஞ்சளா இருக்கறது பித்தளை பிரேம். இங்க ஒரு குழப்பம் வரும். 1851 நேவில டிரிகர் கார்டும் பிடியோட முதுகும் பித்தளைல இருக்கறது அசல்லயே உண்டு, அது பிரச்சனை இல்ல. சிலிண்டர் உக்கார்ற, ஆர்பர் திருகி இருக்கற அந்த நடு உடம்பு பித்தளையா எஃகான்னுதான் பாக்கணும். போர்ல தெற்குப் பக்கம் எஃகு கிடைக்காம கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் மாதிரி சில பேர் பித்தளை பிரேம்ல 36 காலிபர் செஞ்சாங்க, அதனால 36ல பித்தளைக்கு ஒரு வரலாறு இருக்கு. 44 காலிபர்ல பித்தளை பிரேம் போட்ட நேவி எல்லாம் இந்தக் காலத்து விற்பனைக்காகச் செஞ்சது, அசல் கோல்ட் நேவி 44ல வந்ததே இல்ல.

பித்தளை மெத்து. பவுடர் ஜாஸ்தி போட்டு சுடச் சுட சிலிண்டர் பின்னாடி வந்து இடிச்சு பிரேம்ல வட்டமா தடம் விழும், ஆர்பர் இருக்கற திருகு லேசா ஆட ஆரம்பிக்கும், அப்புறம் பேரல் இடுக்கு பெருசாகிட்டே போகும், கடைசில பழுது பாக்கற செலவுக்கு புதுசே வாங்கிடலாம். கொஞ்சமா பவுடர் போட்டு சுடுவேன்னு கட்டுப்பாடு இருக்கறவங்க வாங்கலாம். புதுசா வர்ற எல்லாரும் நானும் அப்படித்தான்னு சொல்றாங்க, மூணாவது தடவை போகும்போது அளவு ஏறிடுது. எஃகு பிரேமுக்கு ஆகற கூடுதல் காசை இப்பவே குடுத்துருங்க.

நாலாவது படி: யார் செஞ்சது

கிட்டத்தட்ட எல்லாமே வடக்கு இத்தாலில பிரெஷியா பக்கத்துலருந்துதான் வருது. 1950களின் கடைசில அமெரிக்காவோட உள்நாட்டுப் போர் நூற்றாண்டு வரப்போகுதுன்னு வால் ஃபோர்ஜெட்ங்கறவரோட நேவி ஆர்ம்ஸ் கம்பெனி அங்க ஆர்டர் குடுத்து ஆரம்பிச்ச வியாபாரம் இது. இன்னிக்கு புதுசுல நீங்க பாக்கப் போறது முக்கியமா யூபெர்ட்டியும் பியெட்டாவும். டாப் ரேஞ்சுல பெடர்சோலி இருக்கு, குறி பார்த்து போட்டிக்குச் சுடறவங்களுக்கான ரேமிங்டன் மாடல் அவங்க கிட்ட நல்லா இருக்கும், விலை அதுக்கேத்த மாதிரி. சிமரோன், டெய்லர்ஸ் மாதிரி பேர் போட்டு வர்றது பெரும்பாலும் இதே இத்தாலித் துப்பாக்கிதான், இறக்குமதி பண்றவங்க பேர் அது.

யூபெர்ட்டி பொதுவா அசலுக்குக் கிட்ட இருக்கும், அளவு, வளைவு, ஃபினிஷ் எல்லாம் பார்த்துச் செஞ்சிருப்பாங்க. பியெட்டா ஒரு காலத்துல சுமார், கம்ப்யூட்டர் மெஷின் வந்தப்புறம் ரொம்பவே தேறிடுச்சு, விலையும் கம்மி, பார்ட் ஒண்ணுக்கு ஒண்ணு மாட்டிக்கும். யூபெர்ட்டி ஓபன் டாப்கள்ல ரொம்ப நாளா பேசப்படற குறை ஒண்ணு இருக்கு, ஆர்பர் கொஞ்சம் குட்டை. பேரல்ல இருக்கற ஓட்டையோட அடிவரைக்கும் அது போய்த் தொடாது, அதனால ஆப்பை எவ்வளவு தட்டறீங்களோ அந்த அளவுக்கு பேரல் பின்னாடி வந்து சிலிண்டரை நெருக்கும், ஒரு நாள் ஒரு இடத்துல குண்டு விழும் இன்னொரு நாள் வேற இடத்துல விழும். சோதிக்கறது சுலபம், சிலிண்டரை எடுத்துட்டு பேரலை கொஞ்சம் பக்கவாட்டுல திருப்பி ஆர்பர்ல முழுசா சொருகுங்க, பேரலோட அடிப்பாகம் பிரேம் முகத்துக்குச் சமமா வந்து நின்னா சரி, அதைத் தாண்டி பின்னாடி போனா ஆர்பர் குட்டை. ஓட்டைக்குள்ள சரியான தடிமன்ல ஒரு சின்ன இரும்பு வில்லை போட்டா தீர்ந்துது, கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பாக்கறவர்) கிட்ட குடுத்துச் செய்ங்க. பியெட்டால இந்தத் தொல்லை பொதுவா இல்ல, அதனாலயே ஓபன் டாப் முதல் தடவை வாங்கறவங்களுக்கு நான் பியெட்டாதான் சொல்றது, ஃபினிஷ் கொஞ்சம் கம்மியா இருந்தாலும் பரவால்ல.

அஞ்சாவது படி: கையில எடுத்துப் பாக்கறது

பழசு வாங்கினா இது ரொம்ப முக்கியம், புதுசுக்கும் பாருங்க. முதல்ல ஒவ்வொரு அறையையும் நிப்பிளையும் பார்த்து லோடு இல்லன்னு உறுதி பண்ணுங்க, கருமருந்துத் துப்பாக்கில வருஷக்கணக்கா லோடோட கிடந்தது எல்லாம் உண்டு. அப்புறம் ஹேமரை மெதுவா இழுங்க, முழுசா நிக்கறதுக்கு முன்னாடி சிலிண்டர் பூட்டிக்கணும், ஆறு அறைக்கும் தனித்தனியா பாருங்க. ஹேமர் நின்னப்புறம் சிலிண்டரைக் கையால சுத்த முயற்சி பண்ணினா ஆடக் கூடாது, துளி ஆட்டம் இருக்கலாம். சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல மயிரளவு இடுக்கு இருக்கணும், ஒட்டிட்டு இருந்தா கரி படிஞ்சதும் சிக்கும், ரொம்பத் திறந்து இருந்தா பக்கவாட்டுல நெருப்பு பீச்சும்.

நிப்பிளை நல்லா பாருங்க, முனை கொடை மாதிரி விரிஞ்சு இருந்தா யாரோ கேப் இல்லாம சும்மா தட்டி விளையாடி இருக்காங்கன்னு அர்த்தம், மாத்தணும், செலவு பெருசு இல்ல. பேரல் உள்ள லைட் அடிச்சு துரு பள்ளம் இருக்கான்னு பாருங்க. கட்டத்துக்குள்ள ரெண்டு எழுத்து குத்தி இருக்கும், அது இத்தாலி சோதனைக்கூடம் போடற வருஷக் குறி, 1975லருந்து ரெண்டெழுத்துல வருது, பட்டியல் வச்சுப் பார்த்தா எந்த வருஷத்துல செஞ்சதுன்னு தெரியும். பிளாக் பவுடர் ஒன்லின்னு பேரல்ல எழுதி இருக்கும். அந்த எழுத்தை சீரியஸா எடுத்துக்கங்க, புகையில்லாத நவீன பவுடர் ஒரு துளி கூட இதுல போடக் கூடாது, துப்பாக்கி கையில வெடிக்கும்.

ஆறாவது படி: கூட வாங்க வேண்டியதும் முதல் நாளும்

குண்டு மெத்தான சுத்த ஈயமா இருக்கணும், அறையை விட கொஞ்சம் பெருசா இருக்கணும், லீவர் போட்டு அழுத்தும்போது ஓரத்துல ஈயம் மோதிரம் மாதிரி சீவிக்கிட்டு வந்தாத்தான் சரியான அளவு. 36 காலிபருக்கு 0.375 இஞ்ச் அல்லது 0.380, 44க்கு 0.451 அல்லது 0.454, ரூகருக்கு 0.457. கேப் 10ம் நம்பரா 11ம் நம்பரான்னு நிப்பிளைப் பொறுத்து மாறும், ரெண்டும் ஒரு டப்பா வாங்கிப் பாருங்க, விரலால அழுத்தினா கழண்டு விழாம உக்காரணும். பவுடர் மூணு எஃப் (FFFg)னு டப்பால போட்டிருக்கற நைஸ் ரகம். மாற்றுப் பவுடரும் ஓடும், ஆனா டிரிபிள் செவன்னு வர்ற மாற்றுப் பவுடர் வேகம் ஜாஸ்தி, அளவை 15 சதவீதம் போல குறைக்கணும். எவ்வளவு போடறதுங்கறதுக்கு உங்க துப்பாக்கியோட மேனுவல்தான் கடைசிப் பேச்சு, பொதுவா 36க்கு 20 கிரெய்ன் பக்கம், 1860 ஆர்மிக்கும் ரேமிங்டனுக்கும் 25 பக்கம் ஆரம்பிப்பாங்க.

கண்ணாடியும் காது அடைப்பானும் மாட்டுங்க. லோடு பண்றதுக்கு முன்னாடி அறைல இருக்கற எண்ணெயைத் தொடைச்சுட்டு, வெறும் கேப் மாட்டி முனையை ஒரு புல் இலைப் பக்கம் பிடிச்சு ஒவ்வொண்ணா தட்டுங்க, இலை ஆடினா வழி திறந்திருக்கு. அப்புறம் ஹேமரை பாதியில நிறுத்தி லோடு பண்ணணும். டப்பாலருந்து நேரா அறைக்குப் பவுடரைக் கொட்டவே கூடாது, உள்ள ஒரு கங்கு மிச்சம் இருந்தா டப்பாவே வெடிக்கும், அளவுக்கரண்டில ஊத்தி அதுலருந்து போடணும். குண்டு பவுடர் மேல அழுத்தமா உக்காரணும், நடுவுல காத்து இடைவெளி இருக்கக் கூடாது, பவுடர் கம்மியா போட்டா கம்பளி வில்லை போட்டு இடத்தை நிரப்பணும். எல்லாம் முடிஞ்சு முனை குறிப் பக்கம் இருக்கும்போதுதான் கேப், அது எப்பவும் கடைசி.

ஒரு அறை சுட்டா பக்கத்து அறையும் சேர்ந்து வெடிக்கற செயின் ஃபயர் பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க. குண்டு தளர்வா இருந்தா முன்பக்கமா நெருப்பு போகும், கேப் தளர்வா இருந்தா பின்பக்கமா போகும், ரெண்டு பக்கமும் இறுக்கமா இருந்தா பெரும்பாலும் வராது. குண்டு மேல கிரீஸ் தடவறதோ கீழ மெழுகு தோய்ச்ச வில்லை வைக்கறதோ கூடுதல் காப்பு, கரியையும் இளக்கி வைக்கும். ரேஞ்சுல இன்னொண்ணு, கோல்ட் குறி பாக்கற பள்ளம் ஹேமர் தலைல இருக்கு, கிட்ட இருக்கற குறிக்கு குண்டு ஒரு சாண் மேல போய் விழும், துப்பாக்கி கோணல்னு திருப்பிக் குடுக்கப் போயிராதீங்க, கீழ குறி வைங்க.

ஏழாவது படி: அன்னிக்கே கழுவறது

நாளைக்குக் கழுவலாம்னு வச்சா துரு வந்துரும், கருமருந்துக் கரி காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், பைரோடெக்ஸ்னு வர்ற மாற்றுப் பவுடர் இன்னும் மோசம். மரப்பிடியைக் கழட்டி வச்சுட்டு, பேரலையும் சிலிண்டரையும் சூடான தண்ணில பாத்திரம் கழுவற சோப்பு போட்டு பிரஷ்ஷால தேய்ங்க, அதுக்கு மேல ஸ்பெஷல் கெமிக்கல் எதுவும் தேவையில்ல. ரேமிங்டன் பேரல் பிரேமோட இருக்கறதால முழுசையும் முக்கணும், இல்லன்னா பிரேம் பக்கம் துணி சுத்தி வேலை பாக்கணும், ஆரம்பத்துல சொன்ன அலுப்பு இங்கதான் தெரியும். நிப்பிளைக் கழட்டித் தனியா கழுவி, மாட்டும்போது திருகுல கிரீஸ் தடவுங்க, இல்லன்னா அடுத்த தடவை கழட்ட வராது. சூடு இருக்கும்போதே தொடைச்சு, ஓவன்ல லேசான சூட்டுல காய வச்சா மூலைல தண்ணி நிக்காது. எண்ணெய் மெல்லிசா போதும். ஆர்பருக்கும் நடுக்கம்பிக்கும் மட்டும் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த கிரீஸ் போடுங்க, பெட்ரோலிய கிரீஸ் கரியோட சேர்ந்தா தார் மாதிரி பிசுக்காயிரும். ரெண்டு நாள் கழிச்சு பேரல் உள்ள ஒரு வெள்ளைத் துணி விட்டு எடுங்க, பழுப்பா வந்தா கழுவினது பத்தல, மறுபடி ஒரு தடவை.